சிவப்புக் கடவுச்சீட்டும் ஒரு பித்தக்கல்லும்

நேசமலர் அன்ரி லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் படியால் இறங்குவார்கள். ஐந்தாம் மாடியிலிருந்து நிலத்துக்கு வருவதற்குள் கூட நிற்பவரில் ஏதாவது ஒரு குற்றம் கண்டுபிடித்துவிடுவார் என்பது கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் கட்டடத்தின் பொது அறிவு. செருப்பில் மண். பையில் கருவாட்டு மணம். பிள்ளை தேவையில்லாத பட்டனை அமத்தியது. குற்றத்தோடு நிற்காது, சுவிஸில் இதற்கு என்ன தண்டம் அறவிடுவார்கள் என்பதும் வரும்.

அவருடைய வீட்டின் பின்னறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். கிளிநொச்சியிலிருந்து வேலைக்கு வந்தவன். என் ஜன்னலில் கடல் தெரியாது, அதன் உப்பு மட்டும் கம்பிகளில் துருவாகத் தெரியும். நான் வேலை முடிந்து வந்து முகம் கழுவப் போகும் நேரம் பார்த்து அவர் அறைக்குள் நுழைந்து மேசை ஃபேனின் முதுகில் கைவைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் கதவடியில் நிற்பார்.

“தம்பி, நீர் இல்லாத அறையில ஆருக்குக் காத்து?”

பதில் வராமல் நிற்பேன். பதில் சொல்லாதவர்களை அவருக்குப் பிடிக்கும் என்று முதலில் நினைத்தேன். அப்படியில்லை. “வாயில என்ன, முத்தோ வைச்சிருக்கிறீர்?” என்று அதற்கும் பேச்சு விழும்.

அகதியாகச் சுவிஸுக்குப் போனவர். கால் நூற்றாண்டுக்கு மேல் சூரிச்சுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் மலசலகூடம் கழுவினார். அதை அவர் மறைப்பதில்லை. “நான் கழுவின கக்கூசில நீங்கள் சோறு போட்டுச் சாப்பிடலாம்” என்று கட்டடத்துக் கூட்டமொன்றில் தலைவரின் முகத்தைப் பார்த்தே சொன்னார். படிகளைக் கூட்டும் ஒப்பந்தத்தை யாருக்குக் கொடுப்பது என்ற விவாதம் அத்தோடு முடிந்தது. கணவர் அங்கேயே இறந்தார். பிள்ளைகள் இல்லை. பென்சன் வயது வந்ததும் அந்தக் குளிருக்குள் தனியே கிடக்க மனமில்லாமல் இங்கே வந்தார். யாழ்ப்பாணத்துக்கு ஏன் போகவில்லை என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்டால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

சுவிஸை விட்டு வெளியேறியதும் அங்கத்தைய கட்டாய மருத்துவக் காப்புறுதி அறுந்துவிட்டது. அது அறுந்த இடத்தில் சிவபாலன் வந்து நின்றார். கணவரின் சித்தப்பா மகன். கொட்டாஞ்சேனையில் வீடு, சட்டைப் பையில் இரண்டு போன். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து இங்கே வாழ்கிறவர்களுக்கென்று எங்கோ ஒரு தேசத்துக் கம்பனி விற்கும் தனியார் காப்புறுதிக்கு அவர் முகவர். எந்தச் செத்தவீட்டிலும் முன்வரிசைக் கதிரையில் அவரைக் காணலாம். செத்தவருக்குக் காப்புறுதி இருந்ததா என்று விசாரித்துவிட்டுத்தான் எப்படிச் செத்தார் என்று விசாரிப்பார்.

“மச்சாள், இது உள்ளூர்க் கம்பனியள் மாதிரி இல்லை. உலகத்தில எங்க விழுந்தாலும் அவங்கள் வந்து தூக்குவாங்கள்” என்று அவர் சொன்னதை அன்ரி எனக்கே பல தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது சிவபாலனின் குரலும் சேர்ந்து வரும்.

கம்பனி ஒரு நீல அட்டை அனுப்பியது. கீழே ஸவாஹிர் நானாவின் பலசரக்குக் கடையில் காசு எடுக்கும்போது அன்ரி அந்த அட்டையையும் வெளியே எடுத்து மேசையில் வைப்பார், ஏதோ தாளைத் தேடுவதுபோல. ஒருநாள் நானா கடையைப் பாதியில் பூட்டிக்கொண்டு ஓடினார். அவருடைய மனைவி ஹபீலாவைக் களுபோவில அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது. மறுநாள் அன்ரி வந்து கேட்டது சுகத்தை அல்ல.

“களுபோவிலயோ? அங்கயெல்லாம் மனிசர் போவினமோ?”

நானா சில்லறையை எண்ணாமல் அவருடைய கையில் போட்டார். அதன் பிறகு அன்ரிக்கு நிறுக்கும் பருப்பில் ஒரு பருப்புக்கூடக் கூடுதலாக விழுந்ததில்லை.

நீல அட்டைக்கு ஒரு வயிறு இருந்தது. ஒவ்வொரு வருடமும் அது கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது. அன்ரிக்கு அறுபத்தைந்து தாண்டியதும் பாய்ந்து கேட்டது. அன்று சிவபாலனுக்குப் போன் போனது.

“எனக்கு வயசு போறது உங்களுக்குக் கொண்டாட்டமோ?”

“மச்சாள், அது எல்லாருக்கும் அப்பிடித்தான். வயசு போகப் போக ஆபத்து கூட.”

“ஆபத்து எனக்கு. காசு ஏன் உனக்கு?”

இன்னொன்றும் இருந்தது. வருடத்தில் ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும் வைத்தியச் செலவு அவருடைய கைக்காசு. அதைத் தாண்டினால்தான் கம்பனி வாய் திறக்கும். அந்த எல்லை சுவிஸ் மனிதர்களை நினைத்து வரைந்தது. இங்கே தனியாரில் காசு கட்டி ஒரு டாக்டரைச் சனலில் பார்த்து, இரத்தம் சோதித்து, மருந்தும் வாங்கினால் அதன் காலடிக்குக்கூடப் போகாது. ஆகவே அன்ரி ஒரு கணக்குப் போட்டார். சின்ன வருத்தத்துக்கு டாக்டரிடம் போவது முட்டாள்தனம், கம்பனிக்குத்தான் லாபம். கொழுப்பாக ஏதும் சாப்பிட்ட பிறகு வலப்பக்க விலாவுக்குக் கீழே குத்தத் தொடங்கியபோதும் போகவில்லை. “காஸ்” என்றார். இஞ்சி போட்ட பிளேன்ரீ குடித்தார். பாமசியில் குளிசை வாங்கினார். ஒரு வருடத்துக்கு மேல் அது காஸாகவே இருந்தது.

அதற்கிடையில்தான் பிரஜாவுரிமை வந்தது. சுவிஸ் கடவுச்சீட்டோடு இங்கே இருப்பதற்கு அவர் வருடாவருடம் விசா நீடிக்க வேண்டியிருந்தது. வெள்ளைக்காரர்களுக்கும் சீனர்களுக்கும் நடுவில் வரிசையில் நின்றுவிட்டு வந்து, “என்னட்டக் கேக்கிறான், என்னத்துக்கு இந்த நாட்டில நிக்கிறீங்கள் எண்டு. அவன் பிறக்க முதல் நான் இங்க குண்டுக்கு ஓடினனான்” என்று கதவுகளை அடித்துச் சாத்தினார். இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தால் இந்தக் கரைச்சல் இல்லை, வீட்டுக் காணி விசயங்களுக்கும் சுகம் என்று லோயர் ஒருவர் சொன்னார். எடுத்தார். சத்தியப் பிரமாணம் செய்த கையோடு அடையாள அட்டைக்கும் போட்டார். அட்டை வந்த அன்று முழுக் கட்டடத்துக்கும் அழைப்பு. ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், ரிப்பன் கேக். சண்டை பிடித்தவர்கள்தான் முதலில் வந்தார்கள், என்ன நடக்கிறதென்று பார்க்க.

சிவபாலனும் வந்தார். “இப்ப நீங்கள் முழுக்க எங்கட ஆள், மச்சாள்” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்துக் கதிரையைத் தெரிந்தெடுத்து இருந்தார். அன்ரி அன்று மிஞ்சிய கேக்கை எனக்குத் தந்தார். மறுநாள் தட்டைக் கழுவி வைக்கவில்லையென்று பேசினார்.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மட்டன் கறியோடு சாப்பிட்ட பிறகு, குசினியில் சத்தம் கேட்டுப் போனேன். அன்ரி தரையில் இருந்தார். ஒரு கையால் அலுமாரிக் காலைப் பிடித்திருந்தார். முகம், கழுவாத பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. கண்ணின் வெள்ளையில் மஞ்சள்.

“பாத்துக்கொண்டு நிக்கிறீரோ? படம் ஓடுதோ இங்க?”

த்ரீவீல் பிடித்தேன். வலியில் இரண்டாக மடிந்து ஏறியவர் சாரதியின் முதுகில் தட்டினார். “மீட்டர் தான்ன, மல்லி!” மீற்றர் போட்ட பிறகுதான் முனகினார்.

தனியார் ஆஸ்பத்திரி. பெயர் எதற்கு. பளிங்குத் தரை, பூச்சாடி, மேசைக்குப் பின்னால் உதட்டுச் சாயம் கலையாத ஒரு பெண்பிள்ளை. அவள் வாய் திறப்பதற்கு முன்பே அன்ரி கைப்பையிலிருந்து சிவப்புக் கடவுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். வெளிநாட்டிலிருந்து வந்த எங்கள் ஆட்களின் வழக்கம் அது. வங்கியோ, நகைக்கடையோ, ஆஸ்பத்திரியோ, பாஸ்போட் முதலில், மனிதர் பிறகு. அதற்குப் பலனும் உண்டு. கதிரை வரும், “மேடம்” வரும். அன்றும் வந்தது. அந்தப் பிள்ளை அதைத் திறந்து பார்த்து, கணினியில் வெளிநாட்டு நோயாளி என்று பதிந்தாள்.

இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பித்தப்பையில் கற்கள். ஒன்று நழுவிக் குழாய்ப் பக்கம் வந்துவிட்டது. இப்போதைக்கு அமர்ந்திருக்கிறது, ஆனால் அடுத்த முறை அடைத்தால் கிருமி ஏறி உயிருக்கே வினையாகும், அதற்குள் ஒப்பரேஷன் செய்து பையை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். ஒரு வருடத்துக்கு முன் வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றும் சொன்னார். அன்ரி என்னைப் பார்த்தார், நான்தான் தடுத்தேன் என்பதுபோல.

இரண்டு நாள் பில்லை அன்ரி கைக்காசில் கட்டினார். ஒப்பரேஷனுக்கு வேறாகச் செலவுக் கணக்குக் கொடுத்தார்கள். வெளிநாட்டவருக்கென்று தனி விலை, உள்ளூர் விலையைவிடப் பலமடங்கு. அன்ரி அதை வாசிக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

“அட்டை கட்டும்.”

அட்டை கட்டுவதற்குக் கம்பனியின் சம்மதம் வேண்டும். ஆஸ்பத்திரி எழுதிக் கேட்டது. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் கம்பனியிலிருந்து ஒரு பெண் ஜேர்மன் மொழியில் போன் எடுத்தாள். அன்ரி காது மந்தம் என்று ஸ்பீக்கரில் போடுவார், நான் ஹோலில் சேட்டுக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த மொழியில் அவர் வேறொருவர். முதுகு நிமிர்ந்தது, குரல் சிறுத்தது. அதில் அவருக்குக் கோபமே இல்லை. இவ்வளவு காலம் ஆம், உடனே, மன்னிக்கவும் என்று மட்டும் சொல்லிச் சொல்லி அந்த மொழியைத் தேய்த்து வைத்திருந்தார். அந்தப் பெண் ஏதோ கேட்டாள். அன்ரி சிரித்து, பெருமையாக ஏதோ சொன்னார். “ஸ்ரீ லங்கா” என்ற சொல் இரண்டு பக்கமும் போய் வந்தது. பிறகு அவள் மட்டும் நெடுநேரம் கதைத்தாள். அன்ரி ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார், ஒவ்வொரு தடவையும் இன்னும் மரியாதையாக. கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்தார்.

“தம்பி, அயனை நிப்பாட்டும்.”

நிறுத்தினேன்.

“வேற நாட்டுப் பாஸ்போட் இருக்கோ எண்டு கேட்டவள். ஓம், போன வருசம் என்ர பிறந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் எடுத்தனான் எண்டன். வாழ்த்துக்கள் எண்டாள். வாழ்த்திப்போட்டுச் சொல்லுறாள், அப்ப நீங்கள் இப்ப வெளிநாட்டில இல்லை, சொந்த நாட்டில இருக்கிறீங்கள். சொந்த நாட்டில நிக்கிற காலத்துக்கு வருசத்தில ஆறு கிழமைதானாம் அவையின்ர பொறுப்பு. அந்த ஆறு கிழமையும் மாசியோட முடிஞ்சுதாம்.”

பிறகு, “மாசிக்குப் பிறகு கட்டின காசு என்னத்துக்கு?” என்று கேட்டார். என்னிடமல்ல. கவிழ்ந்திருந்த போனிடம்.

மறுநாள் சிவபாலன் வந்தார். கையில் ஒரு பை கறுத்தக் கொழும்பான் மாம்பழம். அன்ரி பையை வாங்கவில்லை, அவர் அதை மடியில் வைத்துக்கொண்டே இருந்தார்.

“மச்சாள், நான் அண்டைக்கே சொன்னனான்.”

“எண்டைக்கு?”

“சைன் வைக்கேக்க. சொந்த நாட்டுக்கு ஒரு லிமிட் இருக்கு எண்டு.”

“உங்கட சொந்த நாடு சுவிஸ், அங்க நீங்கள் திரும்பிப் போகப்போறேல்லை, அதை யோசிக்காதேங்கோ. இதுதானே நீ சொன்னது?”

“அது அப்ப. பிறகு நீங்கள்தானே மாத்தினீங்கள்.”

“நான் மாத்தினது உனக்குத் தெரியாதோ? இதே கதிரையிலதானே இருந்தனி. வாய் முழுக்க ரோல்ஸ். அதுதான் சொல்ல இடம் காணேல்லையோ?”

சிவபாலன் என்னைப் பார்த்தார். நான் நாட்காட்டியைப் பார்த்தேன்.

“சந்தோசமான நாளில ஏன் உந்தக் கதை எண்டு விட்டனான், மச்சாள்.”

“அடுத்த நாளும் சந்தோசமோ? அதுக்கடுத்த மாசமும் சந்தோசமோ? காப்புறுதி புதுப்பிக்க வந்தனி. அண்டைக்கு வாயில ஒண்டும் இருக்கேல்லை, நான் பாத்தனான். காசை வாங்கி எண்ணிக்கொண்டு போனனி.”

“கம்பனிக்குத்தான் காசு. எனக்கென்ன?”

“உனக்கென்னவோ? என்ர காசில வாங்கின சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்து கேள்.”

அவர் சப்பாத்தைக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். பிறகு முகத்தை மாற்றி, குரலில் எண்ணெய் விட்டார்.

“ஒரு வழி இருக்கு. சென்னை. அங்க போனா நீங்கள் சொந்த நாட்டில இல்லை, முழுக்க எடுக்கலாம். முதல் நீங்கள் கட்டோணும், பிறகு அவங்கள் திருப்பித் தருவாங்கள். உங்கட கைக்காசு எல்லையைக் கழிச்சுப்போட்டு. கூட வாற ஆளின்ர டிக்கட், தங்கிற இடம், அதுகள் மட்டும் இதுக்குள்ள வராது.”

“எங்க விழுந்தாலும் தூக்குவாங்கள் எண்டனி.”

“ஓம், அதுதான்...”

“அந்த எங்கவுக்குள்ள வெள்ளவத்தை இல்லை. அப்பிடித்தானே? நான் இருக்கிற இடத்தில விழக்கூடாது. கல்லைப் பிடிச்சுக்கொண்டு பிளேன் ஏறிப் போய் விழவேணும்.”

“மச்சாள், கோவத்தில...”

“நிப்பாட்டு. இதை இண்டையோட நிப்பாட்டு.”

சிவபாலன் முதல் தடவையாக நேராகப் பார்த்தார். “நிப்பாட்டலாம். ஆனா ஒண்டு. உங்களுக்கு அறுபத்தெட்டு. இப்ப கல்லும் கண்டுபிடிச்சாச்சு. இதை விட்டா வேற ஒரு கம்பனியும் உங்களை எடுக்காது.”

அது உண்மைதான். கேட்க அருவருப்பாக இருந்தது. சிவபாலன் மாம்பழப் பையைத் தரையில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் அன்ரி என்னையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி மேசைக்குப் போனார். இம்முறை அடையாள அட்டை. அதே பெண்பிள்ளை அட்டையைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள், அன்ரியைப் பார்த்தாள்.

“பட் மேடம், பொரினர்னே?”

“நோ பொரினர். ஸ்ரீ லங்கன்.”

“எதா பொரினர் கிவ்வா.” அன்றைக்கு வெளிநாட்டவர் என்று சொன்னீர்களே என்கிறாள்.

“எதா வலி!” என்று கத்தினார் அன்ரி, பாதிச் சிங்களத்திலும் பாதித் தமிழிலும். பூச்சாடிப் பக்கம் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மனேஜர் வந்தார். மாற்றலாம், ஆனால் மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார். மாற்றினால் வரும் உள்ளூர் விலையையும் சொன்னார். அன்ரியின் பென்சனில் மாதக்கணக்கு. இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று மனேஜர் மிகவும் அன்பாகக் கேட்டார். அன்ரி அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு வெளியே வந்தார். ஆஸ்பத்திரிக்கு அவர் வெளிநாட்டுக்காரி, கம்பனிக்கு உள்ளூர்க்காரி. இரண்டு இடத்திலும் அவருக்கு விழுந்தது கூடிய விலை.

கட்டடத்துக்குள் கதை எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. கடை வாசலில் ஸவாஹிர் நானா நின்றார்.

“என்னக்கா, ஒங்கட நீலக் காட்ட இந்த நாட்டுல எடுக்க மாட்டாங்களாமே?”

“உம்மட கடை அரிசியில கல்லெடுக்கிற வேலையைப் பாரும்.”

“அரிசிக் கல்ல நாங்க சும்மா எடுத்துக் குடுக்கிறோம் அக்கா. ஒங்கட கல்லத்தான் ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கிறாங்க.”

கடைக்குள் யாரோ சிரித்தார்கள். அன்ரி ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றார். நானாவுக்கு அது போதவில்லை. சேர்த்து வைத்திருந்ததை எடுத்தார்.

“எங்கட ஹபீலாக்கும் இதே கல்லுதான். களுபோவிலலதான் எடுத்தாங்க. மனிசர் போகாத எடம் எண்டு சொன்னீங்களே, அங்க. சல்லி கேக்கல. ஐடென்டி காட்ட மட்டும் கேட்டாங்க. அது ஒங்ககிட்டயும் ஈக்கிதானே? ரோல்ஸ் தந்து காட்டினீங்க.”

அன்ரி லிஃப்டுக்குள் போனார். உள்ளே வேறு இருவர் நின்றார்கள். அவர்களில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் சேலை உடுத்தி, தனியார் ஆஸ்பத்திரிப் படங்களைச் சீலைப் பையில் போட்டுக்கொண்டு என் கதவில் தட்டினார். “லீவு போடும். சிங்களம் என்னைவிட நல்லாக் கதைப்பீர்.” அது உண்மையல்ல. தனியே போகப் பயம் என்பதைச் சொல்ல அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

களுபோவிலயில் வாங்குகளில் இருக்க இடமில்லை. பின்னால் நின்றவரின் குடை முட்டுகிறது என்று அன்ரி இரண்டு தடவை திரும்பி முறைத்தார். எங்கள் முறை வந்தது. கை பழக்கத்தில் பைக்குள் சிவப்புக் கடவுச்சீட்டில் பட்டதைக் கண்டேன். விட்டுவிட்டு அடையாள அட்டையை எடுத்தார். எழுதுகிறவர் அட்டையை வாங்கி, பார்த்து எழுதி, முகத்தைப் பாராமலே திருப்பிக் கொடுத்தார். அன்ரி நகரவில்லை. அடுத்த கேள்விக்காக நின்றார். எந்த நாடு, எந்தக் கம்பனி, யார் கட்டுவது. ஒன்றும் வரவில்லை. பின்னால் குடைக்காரர் செருமினார்.

“அவ்வளவுதானோ?” என்று என்னைக் கேட்டார், யாரோ ஏமாற்றிவிட்டதுபோல.

படங்களைப் பார்த்த டாக்டர் வீட்டுக்கு விடவில்லை, அன்றே வார்ட்டில் சேர்த்தார்கள். பக்கத்துக் கட்டிலில் கொலன்னாவையிலிருந்து வந்த ஒரு சிங்கள அம்மா. அவருடைய மகள் கொண்டுவந்த கஞ்சியில் உப்புக் கூட என்று அன்ரி சொன்னார், குடித்துவிட்டுத்தான் சொன்னார். ஒப்பரேஷனுக்கு முதல்நாள் தரை துடைத்த பெண்ணோடு சண்டை. தண்ணீரை மாற்றாமல் துடைக்கிறாளாம். சேலைன் கம்பியைத் தள்ளிக்கொண்டு எழும்பிப்போய்த் துடைப்பத்தைப் பிடித்தாராம். அந்தப் பெண் இடுப்பில் கைவைத்து, “அம்மா, மேக்க ஒயாகெ கெதர நெமெய்” என்றாளாம். இது உங்கள் வீடு இல்லை, அம்மா.

“எல்லாரும் எனக்கு வீடு எதெண்டு படிப்பிக்கினம்” என்றார் என்னிடம்.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது எடுத்த கற்களை ஒரு சின்னப் போத்தலில் போட்டுக் கொடுத்தார்கள். பெரியது ஒன்று, கடலையளவு, பழுப்பு நிறம். அன்ரி அதைக் கண்ணாடி அலுமாரியில் கணவரின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

சிவபாலன் அடுத்த கிழமை வந்தார். இம்முறை தோடம்பழம்.

“நல்லதாப் போச்சு மச்சாள். நான் கம்பனியோட கதைச்சனான். உங்களுக்காகக் கெஞ்சிக் கேட்டு, தொடர்ந்து வைச்சிருக்கச் சம்மதிச்சிருக்கிறாங்கள். வருத்தம் வந்தபடியாக் கட்டுற காசு கொஞ்சம் கூடும். மற்றது, பித்தப்பை சம்பந்தமா இனி ஒண்டும் தர மாட்டாங்களாம்.”

“எதுக்குத் தர மாட்டாங்கள்?”

“பித்தப்பைக்கு.”

“என்ர வயித்தில பித்தப்பையே இல்லையடா!”

அன்ரி எழும்பினார். தையல் இழுத்ததில் முகம் சுருங்கியது. அலுமாரியைத் திறந்து போத்தலை எடுத்து வந்து தோடம்பழப் பைக்கு முன்னால் வைத்தார். நீல அட்டையையும் அதன் பக்கத்தில் வைத்தார்.

“இதைக் கொண்டுபோய்க் குடு. எந்த நாட்டுக் கல் எண்டு கேள். சுவிஸில முளைச்சுதோ, இங்க முளைச்சுதோ? ஆறு கிழமை இங்க வளந்ததுக்கு ஒரு காசு, மிச்சத்துக்கு வேற காசோ? கேட்டுக்கொண்டு வா. வந்தாப்பிறகு புதுப்பிக்கிறதைப் பற்றிக் கதைப்பம்.”

“மச்சாள், இந்த வயசில ஒரு காப்புறுதியும் இல்லாம...”

“தெரியும்” என்றார் அன்ரி. அந்த ஒரு சொல்லில் மட்டும் சத்தம் இல்லை. “தெரிஞ்சுதான் சொல்லுறன். விழுந்தா இங்கதான் விழுவன். ஐடென்டி காட் தலகணிக்குக் கீழ இருக்கும். எழும்பு.”

அவர் போத்தலைத் தொடவில்லை. அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார். லிஃப்ட் வரும்வரை அன்ரி கதவைச் சாத்தவில்லை, போகிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேசைக்கு வந்து தோடம்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து அமத்திப் பார்த்தார்.

“அடியில அழுகினது. எனக்கு அப்பவே தெரியும்.”

அழுகாத ஒன்றை எடுத்து என் பக்கம் உருட்டினார். நான் அதைப் பிடிப்பதற்குள் அவருடைய தலை என் அறைப் பக்கம் திரும்பிவிட்டது.

“தம்பி, உள்ள ஃபேன் ஓடுதோ?”

ஓடிக்கொண்டிருந்தது.